கோடு போடச் சொன்னால் ரோடு போடும் படங்கள்

கம்ப்யூட்டரில் ஒரு பக்கம் திறக்கிறது. கருப்புப் பின்னணி. அதில் இரண்டாயிரம் மூவாயிரம் புள்ளிகள், அவற்றுக்கு நடுவே பூனை உருட்டி விளையாடிய நூல்கண்டு மாதிரி கோடுகள். திறந்தவுடன் மொத்தமும் ஜெல்லி போலக் கொஞ்ச நேரம் ஆடி அடங்குகிறது. ஒரு புள்ளியை மவுஸால் பிடித்து இழுத்தால் பக்கத்துப் புள்ளிகளும் பின்னாலேயே ஓடி வருகின்றன. விட்டால் திரும்பிப் போகின்றன. அடேங்கப்பா! இன்னொரு முறை இழுத்துப் பார்க்கலாம். மூன்றாவது முறை போர் அடித்துவிடும். ஒரே நிமிடத்தில் பார்த்தவர் மூடிவிட்டுப் போய்விடுவார். என்ன தெரிந்துகொண்டீர்கள் என்று கேட்டால், "எல்லாமே எல்லாத்தோடயும் கனெக்ட் ஆகியிருக்கு" என்பார். அது படத்தைப் பார்க்காமலே தெரிந்த சங்கதி.

சென்னைப் பாஷையில் இதற்கு ஒரு பெயர் உண்டு. பிலிம் காட்டுறது.

கிராஃப் என்றவுடன் காமர்ஸ் பிள்ளைகளுக்கு எக்ஸ் அச்சு, ஒய் அச்சு, நடுவே சரிந்து இறங்கும் டிமாண்ட் கர்வ் ஞாபகம் வரும். இது அது இல்லை. நெட்வொர்க் கிராஃப் என்பதில் அச்சே கிடையாது. ஆளோ, கம்பெனியோ, ஊரோ, ஏதோ ஒன்று புள்ளி. இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உறவு இருந்தால் ஒரு கோடு. அவ்வளவுதான் சரக்கு. பார்ப்பவர் தானே தட்டி, இழுத்து, பெரிதாக்கித் தேடிக்கொள்ளும்படி செய்துவிட்டால் அதற்கு "இன்டராக்டிவ்" என்ற பட்டம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

அச்சு இல்லை என்பதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். இந்தப் படங்களில் ஒரு புள்ளி எந்த இடத்தில் உட்கார வேண்டும் என்று யாரும் உட்கார்ந்து தீர்மானிப்பதில்லை. 1984-ல் பீட்டர் ஈட்ஸ் என்பவர் ஒரு வழி சொன்னார். கோடு இருக்கும் இடத்திலெல்லாம் ஒரு ஸ்பிரிங் இருப்பதாக வைத்துக்கொள், கோடு இல்லாத புள்ளிகள் ஒன்றையொன்று தள்ளுவதாக வைத்துக்கொள், பிறகு அதன் போக்கில் ஆடவிடு, அடங்கிய இடமே படம். 1991-ல் ஃப்ருக்டர்மேன், ரைன்கோல்ட் என்ற இருவர் இதையே இன்னும் சீராக்கினார்கள். திறந்தவுடன் ஜெல்லி போல ஆடுகிறதே, அந்த ஆட்டம் இந்த ஸ்பிரிங் கணக்குதான். 2011-ல் டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வந்தபிறகு இந்தக் கணக்கு யார் வேண்டுமானாலும் காப்பி பேஸ்ட் செய்யக்கூடிய சமாச்சாரமாகிவிட்டது.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆட்டத்தை ஆரம்பிக்கும்போது புள்ளிகளைக் கண்டபடி தூவிவிட்டுத் தொடங்குவதுதான் பல மென்பொருள்களில் வழக்கம். அப்படியானால் அதே தகவலைக் கொடுத்து இரண்டாவது முறை ஓட்டினால் படம் வேறு மாதிரி வரும். முதல் தடவை இடது மேல் மூலையில் இருந்த ஆள் இரண்டாவது தடவை வலது கீழே கிடப்பார். இரண்டு புள்ளிகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்குச் சில சமயம் காரணம் இருக்கும், சில சமயம் இடம் இல்லாததே காரணமாக இருக்கும். பார்ப்பவருக்கு இது தெரியாது. நடுவில் இருப்பவர்தான் ராஜா, ஓரத்தில் இருப்பவர் கூஜா என்று அவர் கண் தானாக முடிவு கட்டிவிடும். படத்தைச் செய்தவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. சொல்லவில்லை என்று எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை.

*

இவ்வளவு திட்டிவிட்டு, அப்புறம் எதற்கு இந்தப் படங்கள் என்று கேட்கலாம். இருக்கிறது. அதுவும் காமர்ஸ் படிப்பவர்களுக்கு நிறையவே இருக்கிறது.

அமெரிக்காவில் 1912, 1913-ம் ஆண்டுகளில் பூஜோ கமிட்டி என்று ஒரு நாடாளுமன்றக் குழு, வங்கிப் பணமெல்லாம் யார் கையில் இருக்கிறது என்று விசாரித்தது. ஜே.பி. மார்கனின் நிறுவனமும் அதோடு சேர்ந்த நான்கு பெரிய வங்கிகளும் 112 கம்பெனிகளில் 341 டைரக்டர் நாற்காலிகளைப் பிடித்து வைத்திருந்தன என்பது அந்தக் குழு கண்டுபிடித்த கணக்கு. அந்தக் கம்பெனிகளின் மொத்த வளம் அந்தக் காலத்திலேயே 2,200 கோடி டாலருக்கு மேல். இந்த உறவுகளைக் குழு படமாகவே போட்டுக் காட்டியது. நடுவில் மார்கன், சுற்றிலும் கம்பெனிகள், இடையே கோடுகள். கம்ப்யூட்டர் பிறக்காத காலத்து நெட்வொர்க் கிராஃப்! அடுத்த வருடமே, 1914-ல், கிளேட்டன் சட்டம் வந்தது. போட்டிக் கம்பெனிகள் இரண்டில் ஒரே ஆள் டைரக்டராக உட்காரக்கூடாது என்று அதன் 8-வது பிரிவு சொன்னது. படம் மட்டும்தான் சட்டத்தைக் கொண்டுவந்தது என்று சொன்னால் ஓவர். ஆனால் 341 பெயர்களைப் பட்டியலாகப் படிப்பவருக்குக் கொட்டாவிதான் வரும், கோடுகளாகப் பார்த்தால் வயிறு எரியும். அந்த எரிச்சலுக்கு ஒரு பங்கு உண்டு.

இதே விஷயத்தை 2001-ல் ஜோஷ் ஆன் என்ற கலைஞர் இணையத்துக்குக் கொண்டு வந்தார். பெயர் "தே ரூல்". அமெரிக்காவின் மிகப்பெரிய 100 கம்பெனிகளின் போர்டில் யார் யார் இருக்கிறார்கள் என்பதுதான் தகவல். 2004-ல் அது 500 கம்பெனிகளாக விரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, இருபது வருடங்களுக்கு முன்னால் செய்த அந்தப் பக்கத்தில் இன்றைக்கு வரும் பல பளபளா படங்களில் இல்லாத புத்திசாலித்தனம் இருந்தது.

உள்ளே போனால் நூல்கண்டு எதுவும் கிடையாது. பார்ப்பவர் தனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியைத் தேர்ந்தெடுத்தால் ஒரு மேஜை வரும். அதை விரித்தால் அதன் டைரக்டர்கள் குட்டிக் குட்டி உருவங்களாக வருவார்கள். ஒருவரைத் தட்டினால் அவர் உட்கார்ந்திருக்கும் மற்ற மேஜைகள் வரும். எத்தனை போர்டில் இருக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த உருவம் குண்டாக இருக்கும்! (நல்ல குசும்பு. ஒரு ஆளுக்கு எத்தனை நாற்காலி என்பதைக் குறியீட்டு விளக்கம் எதுவுமே இல்லாமல் தொப்பையால் சொல்லிவிட்டார்.) இரண்டு கம்பெனிகளைக் கொடுத்தால் நடுவில் இருக்கும் பாதையைத் தேடித் தரும் வசதியும் பிறகு வந்தது. கண்டுபிடித்ததை ஒரு தலைப்பு கொடுத்துச் சேமித்து வைக்கலாம். அடுத்தவர் அதைத் திறந்து பார்க்கலாம். அதாவது பார்ப்பவருக்கு ஒரு வேலை இருந்தது. அவர் ஒரு கேள்வியோடு வந்தார், ஒரு பதிலைத் தலைப்பிட்டுவிட்டுப் போனார்.

அது ஃப்ளாஷில் செய்த பக்கம். 2020 டிசம்பரோடு அடோபி ஃப்ளாஷுக்கு மூடுவிழா நடத்திவிட்டது. அந்தக் காலத்தில் ஃப்ளாஷில் செய்த எத்தனையோ நல்ல படங்கள் இப்படிப் போய்ச் சேர்ந்தன. அது தனிச் சோகக்கதை.

தகவல் படங்கள் செய்பவர்களுக்கு பென் ஷ்னைடர்மேன் 1996-ல் ஒரு மந்திரம் கொடுத்தார். முதலில் மொத்தத்தையும் காட்டு, பிறகு பெரிதாக்கவும் வடிகட்டவும் விடு, கேட்டால் மட்டும் விவரம் கொடு. மேப்புக்கு இது பொருந்தும். இந்தியா முழுவதையும் முதலில் காட்டினால் யாருக்கும் தலை சுற்றாது, ஏனென்றால் எது எங்கே இருக்கிறது என்று ஏற்கெனவே தெரியும். நெட்வொர்க் கிராஃபில் அந்த வசதி இல்லை. மொத்தத்தையும் காட்டினால் கிடைப்பது சிக்கெடுக்காத தலை. 2009-ல் ஃபிராங்க் வான் ஹாம், ஆடம் பெரர் என்ற இருவர் இதற்கு மாற்றாக ஒரு கட்டுரை எழுதினார்கள். முதலில் தேடு, கிடைத்ததைச் சுற்றியிருப்பதைக் காட்டு, வேண்டும் என்றால் விரி என்பது அவர்கள் கட்சி. நியாயமான கட்சி. ஜோஷ் ஆன் அதை எட்டு வருடம் முன்பே குண்டு டைரக்டர்களை வைத்துச் செய்து காட்டிவிட்டார்.

*

எங்கிருந்து தொடங்குவது என்பது ஒரு பாதி. கோடு என்றால் என்ன என்பது மறுபாதி. பெரும்பாலான படங்கள் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

மார்க் லொம்பார்டி என்று ஓர் அமெரிக்க ஓவியர். 1951-ல் பிறந்து 2000-ல் இறந்தவர். பண மோசடி, ஆயுத பேரம், வங்கி திவால் போன்ற சமாச்சாரங்களைப் பென்சிலால் படம் போட்டவர். பத்திரிகைகளிலும் புத்தகங்களிலும் வந்ததை மட்டுமே எடுத்துக் கையால் கார்டு கார்டாக எழுதி வைத்துக்கொண்டார். சுமார் 14,000 கார்டுகள்! அவர் படத்தில் கோடுகள் ஒரே மாதிரி இருக்காது. ஒருவர் இன்னொருவரைக் கட்டுப்படுத்தினால் ஒரு மாதிரி அம்புக்குறி, பணம் போனால் ஒரு மாதிரி, சொத்து விற்கப்பட்டால் வேறு மாதிரி. வழக்கு, தண்டனை என்று வந்தால் சிவப்பு. வருடங்களையும் தொகைகளையும் கூட எழுதினார். பி.சி.சி.ஐ. என்ற வங்கி 1991-ல் மூடப்பட்டதே, அதன் கதை அவருடைய மிகப் பெரிய படங்களில் ஒன்று. 2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு எஃப்.பி.ஐ.காரர்கள் நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்தைத் தொடர்புகொண்டு அந்தப் படத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்கள். ஒரு புள்ளியைக்கூட அதில் மவுஸால் இழுக்க முடியாது. ஆனால் படிக்க முடியும்.

இதற்கு நேர் எதிரில் நிற்பவை, எல்லாக் கோட்டையும் ஒரே சாம்பல் நிறத்தில் போட்டுவிட்டு "தொடர்பு" என்று மட்டும் சொல்பவை. என்ன தொடர்பு? இருவரும் பார்ட்னர்களா? ஒரே ஆடிட்டரிடம் போனவர்களா? ஒரே கட்டடத்தில் ஆபீஸ் போட்டவர்களா? மாமன் மச்சானா? 1998-ல் இருந்த உறவா, இன்றைக்கும் இருக்கிறதா? பார்ப்பவர் தனக்குப் பிடித்ததை நிரப்பிக்கொள்வார். கோடு போடச் சொன்னால் ரோடு போடும் ஜனம் இது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு பெயர், நடுவில் ஒரு கோடு, அதில் ஒன்று ஊழல் வழக்கில் மாட்டிய பெயர் என்றால், மற்றவர் கதி அதோகதி.

கோடுகளைக் கம்ப்யூட்டரே பெருக்கிக் கொடுக்கும் கொடுமையும் உண்டு. ஒரு போர்டில் பத்து டைரக்டர்கள். கம்பெனியை ஒரு புள்ளியாக வைத்தால் பத்துக் கோடுகள். கம்பெனிப் புள்ளியை எடுத்துவிட்டு "ஒரே போர்டில் இருப்பவர்கள்" என்று ஆளுக்கு ஆள் கோடு போட்டால் 45 ஆகிவிடும். தகவல் அதேதான், கோடு மட்டும் நாலரை மடங்கு. இதையே முகவரியை வைத்துச் செய்தால் என்ன ஆகும்? கேமன் தீவில் அக்லண்ட் ஹவுஸ் என்று ஒரு கட்டடம். அமெரிக்க அரசின் ஜி.ஏ.ஓ. என்ற தணிக்கை அமைப்பு 2008-ல் கொடுத்த அறிக்கையின்படி அந்த ஒரே முகவரியில் பதிவாகியிருந்தவை 18,857 நிறுவனங்கள். "ஒரே முகவரி என்றால் தொடர்பு உண்டு" என்று ஜோடி ஜோடியாகக் கோடு போட்டால் 17 கோடியே 77 லட்சத்துக்கும் மேல் வரும். அத்தனை கோடும் சொல்வது ஒரே ஒரு விஷயம், இவர்கள் எல்லோரும் அந்தக் கட்டடத்தில் இருக்கும் வக்கீல் நிறுவனத்தின் மூலம் பதிவு செய்தவர்கள் என்பது. பத்து வரி புரோகிராம் போதும், பத்தொன்பதாயிரம் பேரைக் கூட்டாளிகள் ஆக்கிவிடலாம்.

இந்த ஆபத்தைத் தெரிந்து நடந்துகொண்டவர்கள் ஐ.சி.ஐ.ஜே. என்ற பத்திரிகையாளர் கூட்டமைப்பினர். 2016 ஏப்ரலில் வெளிவந்த பனாமா பேப்பர்ஸில் 1 கோடியே 15 லட்சம் ஆவணங்கள், 2.6 டெராபைட். 2,14,000-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். யாருக்கு யார் பினாமி என்று தேட, நியோ4ஜே என்ற தரவுத்தளத்தையும் அதன் மேல் லிங்கூரியஸ் என்ற மென்பொருளையும் நிருபர்களுக்குக் கொடுத்தார்கள். பெயரைப் போடு, ஒரு புள்ளி வரும், இரண்டு முறை தட்டு, சுற்றியிருப்பவை விரியும். புரோகிராம் எழுதத் தெரியாத நிருபரும் புகுந்து விளையாடினார். அதே வருடம் மே 9-ம் தேதி ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கும் திறந்துவிட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தவுடனே ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டில் கம்பெனி வைத்திருப்பதற்குச் சட்டபூர்வமான காரணங்களும் உண்டு, இதில் பெயர் இருப்பதாலேயே ஒருவர் தப்பு செய்தார் என்று அர்த்தம் இல்லை, ஒரே பெயரில் பலர் இருக்கலாம், சரிபார்த்துக்கொள் என்று. படித்தேன் என்று ஒப்புக்கொண்டால்தான் உள்ளே போக முடியும். எத்தனை பேர் உண்மையிலேயே படித்தார்கள் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். இருந்தாலும் அதைச் சொல்லும் கடமை படம் செய்தவருக்கு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்களே, அது பெரிய விஷயம்.

*

இனி ஒரு கசப்பு மாத்திரை. நன்றாகச் செய்த படமும் கவிழ்த்துவிடும்.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கதை காமர்ஸ் வகுப்பில் காதில் விழாமல் யாரும் டிகிரி வாங்க முடியாது. 2008-ல் அந்தக் கம்பெனியின் போர்டை "தே ரூல்" மாதிரி ஒரு படத்தில் விரித்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? ஹார்வர்ட் பிஸினஸ் ஸ்கூல் பேராசிரியர் ஒருவர். ஹைதராபாத் ஐ.எஸ்.பி.யின் டீன். பென்டியம் சிப்பின் தந்தை என்று அழைக்கப்பட்டவர். அடுத்த வட்டத்தில் அவர்களுடைய கல்லூரிகள், அவர்கள் இருந்த மற்ற போர்டுகள். அப்படியே ஜொலித்திருக்கும். அந்த வருடம் செப்டம்பரில் நல்ல நிர்வாகத்துக்காகத் தங்க மயில் விருது வேறு வாங்கியது. நெட்வொர்க் படத்தை நம்பி ஷேர் வாங்கியவர் இருந்தால் அவர்தான் முதல் பலிகடா.

2008 டிசம்பர் 16. மேடாஸ் என்ற பெயரில் இருந்த இரண்டு கம்பெனிகளை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் போர்டு சம்மதித்தது. முதலீட்டாளர்கள் கொதித்ததும் சில மணி நேரத்தில் வாபஸ். மேடாஸை நடத்தியது ராமலிங்க ராஜுவின் பிள்ளைகள். சத்யத்தை ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டால் மேடாஸ். இதைவிடப் பச்சையாக ஒரு கோடு யாரும் போட முடியாது, பெயர்ப் பலகையிலேயே போட்டிருந்தார்கள்! 2009 ஜனவரி 7-ம் தேதி ராஜு எழுதிய கடிதத்தில்தான் மிச்சம் வெளியே வந்தது. ஏட்டில் 5,361 கோடி ரூபாய் என்று காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி பொய். அந்தப் பொய்யான சொத்துக்குப் பதில் நிஜச் சொத்தைக் கொண்டுவரும் கடைசி முயற்சிதான் மேடாஸ் பேரம் என்றும் அதில் எழுதினார்.

இந்த 5,040 கோடியை எந்த நெட்வொர்க் கிராஃபும் காட்டியிருக்காது. படம் உறவைத்தான் காட்டும். பேங்க் பேலன்ஸைக் காட்ட பேங்க்கைத்தான் கேட்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய ஆடிட்டர்கள் கேட்ட லட்சணம் தனிக்கதை.

ஆனால் மேடாஸ் கோடு வேறு விஷயம். அதைக் காட்டியிருக்க முடியும், படத்தைச் செய்பவர் எந்தத் தகவலைப் புள்ளியாகவும் கோடாகவும் எடுத்துக்கொள்கிறார் என்பதைப் பொறுத்து. இங்கே மாணவர்கள் புராஜெக்ட் என்று உட்கார்ந்தால் முதலில் கைவைப்பது டைரக்டர்கள் பட்டியலில்தான். கைவைக்கவும் சுலபம். 2006 முதல் இந்தியாவில் டைரக்டர் ஒவ்வொருவருக்கும் டின் என்ற எண் உண்டு. வரி கட்டுபவருக்கு பான் மாதிரி. ஊருக்கு ஆயிரம் பேர் வைத்திருக்கும் ஒரே பெயரால் வரும் குழப்பத்தை அந்த எண் தீர்த்துவிடும். 2013 கம்பெனிச் சட்டம் 165-வது பிரிவின்படி ஒருவர் 20 கம்பெனிகளுக்கு மேல் டைரக்டராக இருக்கக்கூடாது, அதில் பப்ளிக் கம்பெனிகள் 10-க்கு மேல் போகக்கூடாது. ஆகவே ஒரு ஆளைத் தட்டினால் ஒழுங்காக விரியும் அளவுக்குத்தான் கோடு வரும், அக்லண்ட் ஹவுஸ் மாதிரி வெடிக்காது. தேடும் பெட்டி ஒன்று, நியமன தேதியும் விலகிய தேதியும் கோட்டின் மேலேயே, தட்டினால் அந்தப் பதிவு திறக்கும் வசதி, வலது ஓரத்தில் அதே தகவல் சாதாரணப் பட்டியலாக. இவ்வளவு இருந்தாலே அது பிலிம் காட்டும் படம் இல்லை. பல பேர் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டுப் போவார்கள். போகட்டுமே, அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை. எக்ஸெல்லில் முடிகிற வேலைக்கு ஜெல்லி எதற்கு?

ஆனால் அப்பா ஒரு கம்பெனியிலும் பிள்ளை இன்னொரு கம்பெனியிலும் இருந்தால் டைரக்டர்கள் பட்டியலில் இருவருக்கும் நடுவே கோடு வராது. இரண்டும் வேறு வேறு தீவுகளாகவே கிடக்கும். அந்தக் கோடு இருக்கும் இடம் ஆண்டறிக்கையின் கடைசிப் பக்கங்களில், பொடி எழுத்தில் வரும் "ரிலேட்டட் பார்ட்டி" குறிப்பு. பரீட்சைக்கு முந்தைய இரவு உருப்போட்ட ஏ.எஸ். 18 ஞாபகம் இருக்கிறதா? கணவன், மனைவி, மகன், மகள், சகோதரன், சகோதரி, அப்பா, அம்மா என்று அது ஒரு பட்டியல் கொடுக்கும். அந்தக் குறிப்புகளைக் கம்பெனி கம்பெனியாக எடுத்து, யாருக்கு யார், எந்த வருடம், எத்தனை ரூபாய் என்று யாராவது உட்கார்ந்து தட்டச்சு செய்தாக வேண்டும். லொம்பார்டியின் கார்டு வேலை. டி3-யில் அதற்குக் கட்டளை கிடையாது.